மரியாச்சி பிளாசாவில் அப்படி என்ன இருக்கிறது?

லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தபோது மெட்ரோ ரயிலில் 'மரியாச்சி பிளாசா' என்ற பெயரைப் பார்த்து இறங்கியதாகவும், மேலே வந்தால் ஒரு கல் மண்டபம், சில பெஞ்சுகள், ஒரு பழைய செங்கல் கட்டடம் இவ்வளவுதான் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெக்சிகன் அமெரிக்கர்கள் இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள், இது சுற்றுலா இடமா, நினைவிடமா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் இல்லை. அது வேலை தேடி வருகிறவர்கள் நிற்கும் இடம். அந்தப் பெஞ்சுகளில் கறுப்புக் கோட்டும் பக்கவாட்டில் வெள்ளிப் பித்தான் வரிசை வைத்த கால்சட்டையும் போட்டு, கருவிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களா? உங்கள் கேள்விக்குப் பதில் அவர்கள்தான்.

மரியாச்சி என்பது மெக்சிகோவின் குழு இசை, அதை வாசிப்பவர்களுக்கும் அதே பெயர்தான். மெக்சிகன் குடும்பங்களில் அது இல்லாத விசேஷம் குறைவு. ஞானஸ்நானம், பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறையும் கின்சஞேரா, கல்யாணம், அம்மாவின் பிறந்தநாள், கடைசியில் இடுகாடு வரைக்கும் அந்த இசை கூட வரும். ஆள் வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டும் பாயில் அவென்யூவும் சந்திக்கும் அந்த மூலைக்குப் போவார்கள். கார் வேகம் குறைந்தாலே பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். கண்ணாடி இறங்கும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த ஊர் என்று நின்றபடியே பேச்சு முடியும். பேசி முடித்தவர் திரும்பி, ஒரு வயலின்காரரையும் ஒரு டிரம்பெட்காரரையும் கையசைத்துக் கூப்பிடுவார். பத்து நிமிடத்துக்கு முன்பு தனித்தனி ஆட்களாக இருந்தவர்கள் ஒரு குழுவாகிக் கிளம்பிப் போவார்கள்.

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிகிறது என்றால், எல்லோருக்கும் ஒரே பாட்டுகள் மனப்பாடம். நூற்றுக்கணக்கான பாட்டுகள். எந்தச் சுருதி என்று சொன்னால் போதும், மற்றதெல்லாம் கைக்குத் தெரியும். இப்படிக் கிடைக்கும் வேலையை அவர்கள் 'சாம்பா' என்பார்கள். உணவகம் உணவகமாக நடந்து, ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி வாசிப்பதற்கு 'அல் தலோன்' என்று பெயர். தலோன் என்றால் குதிகால். நாள் முழுக்க நடந்து தேய்வது அதுதானே. இப்போது பாதி வேலை தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது என்றாலும் மூலையில் நிற்பது நிற்கவில்லை.

அடுத்த முறை போனால் அவர்களிடம் இருக்கும் பெரிய வயிற்றுக் கித்தாரைக் கவனித்துப் பாருங்கள். அதன் பெயர் கித்தரோன். முதுகுப்பக்கம் படகின் அடிப்பகுதிபோல் புடைத்திருக்கும். ஆறு தந்தி உண்டு, விரல் வைக்க வழிகாட்டும் கட்டைகள் கிடையாது. வாசிப்பவர் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளை இழுத்துவிடுவார். ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று கீழ் ஸ்தாயி, ஒரே ஸ்வரம். ஒலிபெருக்கி இல்லாமல் திறந்த வெளியில் அத்தனை வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் அடியில் அந்த ஒலி கேட்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. சில மணி நேரம் வாசித்துவிட்டு வந்தவரின் வலது கை விரல்நுனிகளைப் பார்த்தால் தெரியும், அது என்ன உழைப்பு என்று. கூடவே விவேலா என்ற ஐந்து தந்திச் சின்னக் கருவி தாளத்தைப் பிடித்துக்கொடுக்கும். டிரம்பெட் பிற்பாடு வந்து சேர்ந்தது. ஹாலிஸ்கோ மாநிலத்துக் கிராமங்களில் வளர்ந்த பழைய மரியாச்சி பெரும்பாலும் தந்திக் கருவிகளின் இசைதான். 1930களில் மெக்சிகோ நகர வானொலிக்கு வந்த பிறகுதான் டிரம்பெட் இல்லாமல் மரியாச்சி இல்லை என்றானது.

சரி, இந்த மூலை எப்படி அமைந்தது? நீங்கள் பார்த்த செங்கல் கட்டடம்தான் காரணம். 1889இல் ஜார்ஜ் கம்மிங்ஸ் என்பவர் கட்டிய ஹோட்டல் அது. கூரை மூலையில் சின்னக் கோபுரம், நீள நீளமான ஜன்னல்கள். கட்டிய காலத்தில் அது வசதியானவர்களின் விடுதி. அந்த நிலத்தின் கதை இன்னும் பின்னால் போகிறது. மெக்சிகோவின் ஆட்சியில் இந்த மேட்டுக்கு பரெதோன் பிளாங்கோ, அதாவது வெள்ளைக் கரை, என்று பெயர். லோபெஸ் குடும்பத்தார் இங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அமெரிக்கா கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்ட பிறகு, 1858இல் ஆண்ட்ரூ பாயில் என்ற அயர்லாந்துக்காரர் இங்கே நிலம் வாங்கினார். 1870களில் அவருடைய மருமகன் வில்லியம் வொர்க்மன் மனை போட்டு விற்றபோது பாயில் ஹைட்ஸ் என்று பெயர் வைத்தார். ஹோட்டலைக் கட்டிய கம்மிங்ஸின் மனைவி அந்த லோபெஸ் குடும்பத்துப் பெண். அப்புறம் அரை நூற்றாண்டு கழித்து வாடகை மலிந்து அறைகள் நைந்துபோன காலத்தில், அதே கட்டடத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள் குடிபுகுந்தார்கள். ஓர் அறையில் மூன்று நான்கு பேர். கீழே இறங்கினால் தெருமூலை, அங்கே வேலை. ஊர் அதற்கு மரியாச்சி ஹோட்டல் என்று பெயர் வைத்துவிட்டது. எந்த அரசாங்கமும் திட்டம் போட்டு இந்த இடத்தை உருவாக்கவில்லை என்பதை இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான இடம் லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைலுக்குள்ளேயே இருக்கிறது. பழைய நகரச் சதுக்கமும் ஒல்வேரா ஸ்ட்ரீட்டும். 1930இல் கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்ற பெண்மணியின் முயற்சியில், 'பழைய மெக்சிகோ'வைக் காட்டும் அழகான கடைத்தெருவாக அது திறக்கப்பட்டது. ஒரு வருடம்கூட முடியவில்லை. 1931 பிப்ரவரி 26 அன்று குடியேற்ற அதிகாரிகள் அந்தச் சதுக்கத்தின் வாசல்களை அடைத்து, உள்ளே இருந்த சுமார் 400 பேரைப் பிடித்து வைத்து ஆவணம் கேட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மெக்சிகர்கள்மேல் பழி விழுந்தது. அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கானோர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் கணிசமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். இசையும் சாப்பாடும் வேண்டும், ஆட்கள் வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2025 ஜூனில் அதே நகரத்தில் மறுபடி குடியேற்றச் சோதனைகள் தொடங்கி, கிழக்குப் பகுதித் தெருக்களில் வியாபாரிகள் கடை விரிக்கவே அஞ்சியபோது, பழைய குடும்பங்களுக்கு 1931தான் நினைவுக்கு வந்திருக்கும்.

பாயில் ஹைட்ஸ் எப்போதும் மெக்சிகன் பகுதியாக மட்டும் இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சலஸின் பெரும்பாலான குடியிருப்புகளில், வெள்ளையர் அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். பல இடங்களில் யூதர்களுக்கும் அதே தடைதான். அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த மேடு இது. யூதர்கள், ஜப்பானியர், மெக்சிகர், ஆர்மீனியர், ரஷ்யாவின் மொலக்கன் என்ற கிறிஸ்தவச் சபையார் என்று ஒரே தெருவில் இத்தனை பேர். பிரீட் ஸ்ட்ரீட்டில் 1923இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்னும் நிற்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டிலேயே 1956 முதல் நடக்கும் ஒட்டோமிசான் என்ற சின்ன ஜப்பானிய உணவகத்திலும் போய் உட்காரலாம். 1939இல் வீட்டுக்கடன் ஆபத்தை அளந்த மத்திய அரசு நிறுவனம் தன் வரைபடத்தில் இந்தப் பகுதிக்குச் சிவப்பு மை பூசியது. நாசகார இனக்கூறுகள் தேன்கூடுபோல் மண்டிக் கிடக்கும் பகுதி என்ற பொருளில் குறிப்பும் எழுதியது. சிவப்பு மை விழுந்தால் வங்கிக்கடன் கிடையாது. கடன் இல்லையென்றால் வீடு பழுதாகும், வாடகை இறங்கும். ஹோட்டலில் மலிவாக அறை கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியக் குடும்பங்களைத் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு தடைகள் தளர்ந்ததும் யூதக் குடும்பங்கள் நகரின் மேற்குப் பக்கம் நகர்ந்தன. மெக்சிகன் குடும்பங்கள்தான் இங்கேயே ஊன்றின. 1949இல் எட்வர்ட் ராய்பால் இந்தப் பகுதியிலிருந்து நகரசபைக்குப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த அவைக்குள் போன முதல் மெக்சிகன் அமெரிக்கர் அவர். ஆனாலும் நெடுஞ்சாலைகளைத் தடுக்க முடியவில்லை. 5, 10, 60, 101 எண்ணுள்ள நெடுஞ்சாலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ராட்சத முடிச்சு இந்தப் பகுதியின் நடுவயிற்றில் வந்து விழுந்தது. வீடுகள் போயின. ஹாலன்பெக் பூங்காவின் ஏரியோரம் நின்றால் இன்றும் தலைக்குமேல் லாரி இரைச்சல்தான். 1968 மார்ச்சில் இங்கிருக்கும் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உட்பட கிழக்குப் பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை, மெக்சிகன் பிள்ளைக்குக் கைத்தொழில் போதும் என்ற எண்ணம், இவற்றை எதிர்த்து. மெக்சிகன் அமெரிக்கரைக் குறிக்கும் 'சிகானோ' என்ற சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்ட தலைமுறை அது. மரியாச்சியைப் பெற்றோரின் பழைய சங்கதி என்று தள்ளாமல் தங்கள் சொத்தாக எடுத்துக்கொண்டதில் அந்தத் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் பார்த்த கல் மண்டபத்துக்கு கியோஸ்கோ என்று பெயர். மெக்சிகோவின் எந்தச் சிற்றூர்ச் சதுக்கத்திலும் நடுவில் இப்படி ஒன்று இருக்கும், வாத்தியக் குழு ஏறி வாசிக்க. இது 1998இல் ஹாலிஸ்கோ மாநிலம் அன்பளிப்பாகக் கொடுத்தது. கந்தேரா என்ற மெக்சிகன் கல்லில் அந்த ஊர்ச் சிற்பிகள் செதுக்கியது. தூணில் கை வைத்துப் பாருங்கள், வழவழப்பாக இருக்காது, உளி போன தடம் விரலுக்குத் தட்டுப்படும். பக்கத்தில் இருக்கும் வெண்கலப் பெண் லூச்சா ரேயெஸ். குவாதலஹாராவில் 1906இல் பிறந்து, 1944இல் முப்பத்தெட்டு வயதில் மறைந்த பாடகி. மரியாச்சியோடு ரஞ்சேரா என்ற மெக்சிகன் நாட்டுப்புறப் பாட்டை இப்படித் தொண்டை கிழிய, சிரிப்பும் அழுகையுமாகப் பாடலாம் என்று பெண்களுக்கு வழிகாட்டியவர் அவர்தான். ஆண்களே நிறைந்திருந்த அந்த மூலையில் ஒரு பெண்ணின் சிலை நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1994இல் இதே நகரத்தில்தான் முழுக்கப் பெண்களே கொண்ட மரியாச்சி ரெய்னா தே லாஸ் ஏஞ்சலஸ் குழு தொடங்கியது.

போவதென்றால் நவம்பர் 22ஐ ஒட்டிப் போங்கள். இசைக்கலைஞர்களின் காவல் புனிதர் சாந்தா செசிலியாவின் திருநாள். அன்று மரியாச்சிகள் கூலிக்கு வாசிப்பதில்லை, அவளுக்காக வாசிப்பார்கள். முழு உடுப்பில் புனிதரின் உருவத்தோடு ஊர்வலம் வருவார்கள். வாசிப்பவர்களில் வயதானவர்களின் தொப்பி விளிம்பைப் பாருங்கள். பின்னல் வேலையில் பாதி நூல் போயிருக்கும், ஆனால் தூசி ஒரு துளி இருக்காது.

ரயில் நிலையம் 2009 நவம்பரில் திறந்தது. அதற்காகச் சதுக்கத்தைச் சுற்றிச் சில வருடங்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். ரயில் வரப்போகிறது என்றதுமே நிலத்தின் விலை ஏறத் தொடங்கியது. இந்த இடத்தின் பிற்காலக் கதை முழுக்க அதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் ஹோட்டல். 2006இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் சமூகக் கழகம் என்ற உள்ளூர் லாபநோக்கற்ற அமைப்பு அதை வாங்கியது. இடிக்காமல் செங்கல் செங்கலாகச் சீர் செய்து, 2012இல் 51 குறைந்த வாடகை வீடுகளாகத் திறந்தது. நல்ல காரியம், நிச்சயமாக. ஆனால் இப்படிப்பட்ட வீட்டுக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்று வேண்டும். கல்யாண வீட்டில் கையில் காசாக வாங்கி வருகிற மனிதர் எந்தத் தாளைக் காட்டுவார்? பழைய அறைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வர முடியவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கட்டடத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, அதில் வாழ்ந்தவர்களைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கஷ்டமானது.

2014 கடைசியில், சதுக்கத்தை ஒட்டிய நிலத்தில் மருத்துவ அலுவலகங்களும் கடைகளுமாக எட்டு மாடி வரை எழுப்பும் திட்டம் ஒன்று வெளியே வந்தது. அக்கம்பக்கத்தார் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி என்பதுதான் அவர்கள் கேள்வி. மறு வருடம் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்தது 2017. சதுக்கத்துக்கு மிக அருகில், செகண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு அடுக்குமாடி வீடு. குடியிருந்தவர்களில் பலர் மரியாச்சிகள். சில வீடுகளுக்கு 60 முதல் 80 சதவீதம் வரை வாடகை ஏறும் என்று நோட்டீஸ் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வாடகைக் கட்டுப்பாடு பெரும்பாலும் 1978 அக்டோபருக்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்குத்தான். இது அதற்குப் பிறகு கட்டியது, சட்டத்தின் நிழல் இல்லை. அவர்கள் வாடகையைக் கொடுக்காமல் நிறுத்தி, வாடகைதாரர் சங்கத்தின் துணையோடு மாதக்கணக்கில் போராடினார்கள். ஊர்வலத்திலும் கித்தரோனும் வயலினும்தான். 2018 பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. வாடகை ஏற்றம் 14 சதவீதம், மூன்றரை வருட ஒப்பந்தம், அதற்குள் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் எல்லோரும் சேர்ந்தே மறுபடி பேசலாம். கட்டுப்பாடு இல்லாத கட்டடத்தில் சேர்ந்து பேரம் பேசும் உரிமையை வாங்கியது சாதாரண விஷயமில்லை.

எனக்கு இந்த இடத்தின் உண்மையான நினைவுச்சின்னம் அந்த ஒப்பந்தம்தான். காரணம் ரொம்ப எளிது. கித்தரோனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தால் மூலையில் வந்து நிற்க ஆள் வராது. ஆள் நிற்காவிட்டால் கார் நிற்காது. யுனெஸ்கோ 2011இல் மரியாச்சியை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பெருமைதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 50 டாலருக்குக் குறைந்து யாரும் போகக் கூடாது என்று மூலையில் நிற்பவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைக்கப் பாடுபட்டார்களே, அதுதான் அந்த இசைக்குச் சோறு போடுகிறது.

இன்னொரு சொல் காதில் விழும், 'ஹெந்தெஃபிகேஷன்'. ஹெந்தே என்றால் ஸ்பானிஷில் சனம். வசதியானவர்கள் வந்து வாடகை ஏறி ஏழைகள் வெளியேறுவதைச் சொல்லும் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டது. இங்கேயே வளர்ந்து படித்துச் சம்பாதித்த மெக்சிகன் அமெரிக்கப் பிள்ளைகள் திரும்பி வந்து காபிக்கடையும் மதுக்கடையும் திறப்பதைக் குறிக்க, சதுக்கத்தின் பக்கத்திலேயே கடை வைத்திருந்த ஒருவர் உருவாக்கிய சொல். வெளியாள் வாங்குவதைவிட இது நல்லதுதானே என்பார்கள் சிலர். யார் திறந்தாலும் பக்கத்து வாடகை ஏறத்தானே செய்கிறது என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சிக்காரர்களின் பாசம் பொய்யில்லை. சதுக்கத்தில் உள்ள லீப்ரோஸ் ஷ்மீப்ரோஸ் என்ற சின்ன நூலகத்தையும் எட்டிப் பாருங்கள். 2010இல் டேவிட் கிப்பன் என்ற விமர்சகர் தொடங்கியது. பெயரில் பாதி, புத்தகங்கள் என்ற பொருளில் ஸ்பானிஷ், மறு பாதி யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷின் விளையாட்டு. அந்த மேட்டின் கதை முழுக்க அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

கோவிட் காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2020 வசந்தத்தில் கல்யாணம், கின்சஞேரா எல்லாம் ஒரே வாரத்தில் ரத்தாயின. பெஞ்சுகள் காலி. பிறகு வேலை திரும்பி வந்தது இடுகாட்டிலிருந்து. ஒரே நாளில் இரண்டு மூன்று அடக்கம் என்று முகக்கவசத்தோடு போய் வாசித்தார்கள். டிரம்பெட்காரர் முகக்கவசத்தை இறக்கினால்தான் ஊத முடியும், அந்த ஆபத்தோடுதான் ஊதினார். மூலையில் நின்றவர்களிலும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்காகவும் மற்றவர்கள் சம்பளமில்லாமல் வாசித்தார்கள்.

கடைசியாக, மறுபடி போவதானால் எப்படிப் போவது என்பது. இப்போது அது மெட்ரோவின் ஈ லைனில் வருகிறது, நிலத்தடி நிலையம். வெள்ளி, சனி மதியத்துக்குப் பிறகு போனால் ஆட்கள் இருப்பார்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் விலை உண்டு, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம். எந்தப் பாட்டு என்று தெரியாவிட்டால் உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவருக்காக ஒன்று என்று சொல்லுங்கள். வாசிப்பவர் அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, சுருதியைச் சொல்லி, தலையசைப்பார்.